காவலுக்கும் கூலி உண்டு

புகையானை எதிர்க்கும் மரபணு, நெற்பயிர் மற்ற நெருக்கடிகளைச் சமாளிக்கும் விதத்தையும் மாற்றுகிறது. வறட்சியும் வெள்ளமும் ஒரே வயலுக்கு மாறி மாறி வரும் சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் இதைக் கவனித்தாக வேண்டும்.

ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர்கள். தமிழில் புகையான். எல்லையைத் தாண்டி ஆந்திரத்துக்குள் போனால் ‘சுடி தோமா’, அதாவது சுழல் கொசு. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் நகரி, சத்தியவேடு வட்டாரத்தில் இரண்டு பெயர்களும் புரியும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அந்தப் பூச்சி செய்யும் வேலை முழுக்கத் தெரிந்துவிடும். பசுமையாக நிற்கும் வயலின் நடுவே ஒரு வட்டம் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் புகை அடித்ததுபோல் கருகிப்போகும். வட்டம் நாளுக்கு நாள் பெரிதாகி அடுத்த வட்டத்தைத் தொடும். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் இது நேர்ந்தால் உழவருக்கு மிஞ்சுவது பதரும் கருகிய வைக்கோலும்தான்.

ஒரு நெல்மணியின் அளவுகூட இல்லாத இந்தப் பழுப்பு நிறத் தத்துப்பூச்சி, தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே நிழலில் உட்கார்ந்துகொள்கிறது. ஊசி போன்ற வாயைத் தண்டில் செருகி, இலை தயாரித்த சர்க்கரைச் சாற்றை உறிஞ்சுகிறது. வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை. முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை ஏறக்குறைய ஒரு மாதம்தான். உணவு தாராளமாக இருந்தால் பறக்க இயலாத குட்டை இறக்கைப் பூச்சிகள் பெருகுகின்றன. பயிர் வாடத் தொடங்கினால் நீண்ட இறக்கைப் பூச்சிகள் கிளம்பி அடுத்த வயலுக்குப் போகின்றன.

மருந்தடித்தால் தீர்ந்துவிடும் என்று ஆசிய நாடுகள் ஒரு காலத்தில் நம்பின. நடந்தது நேர்மாறு. மருந்து புகையானைக் கொன்றதைவிட, அதைத் தின்னும் சிலந்திகளையும் நாவாய்ப்பூச்சிகளையும் வேகமாகக் கொன்றது. எதிரிகள் ஒழிந்த வயலில் புகையான் முன்பைவிட அதிகமாகப் பெருகியது. இந்தோனேஷியாவில் நிலைமை முற்றிப்போய், 1986-ல் ஜனாதிபதி சுகார்த்தோ நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளுக்கு ஒரே ஆணையில் தடை போட்டார்.

மாற்று வழியாக நெல் விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டாக நம்பியிருப்பது பயிருக்குள்ளேயே இருக்கும் எதிர்ப்புச் சக்தியைத்தான். அந்தச் சக்தியைத் தரும் மரபணு, பயிருக்குள் வேறு என்னவெல்லாம் செய்கிறது என்ற கேள்வி மட்டும் வெகு தாமதமாகத்தான் கேட்கப்பட்டது.

பட்டாம்பி தந்த சீதனம்

இந்தக் கதையில் தென்னிந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. மலபார் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1927-ல், பட்டாம்பியில் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. உள்ளூர் நெல் வகைகளைச் சேகரித்து, நல்லவற்றைத் தேர்ந்தெடுத்து, வரிசை எண் போட்டு வைத்தார்கள். பி.டி.பி. 18, பி.டி.பி. 21, பி.டி.பி. 33 என்ற எண்கள் அங்கிருந்து வந்தவைதான். அவற்றைப் புகையான் அவ்வளவாக அண்டுவதில்லை என்பது பிற்பாடு தெரியவந்தது.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1973-ல் புகையானை எதிர்க்கும் ஐ.ஆர். 26 ரகத்தைக் கொடுத்தது. அதில் இருந்தது ஒரே ஒரு எதிர்ப்பு மரபணு. சில ஆண்டுகளுக்குள் பூச்சி அதற்குப் பழகிவிட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள புகையான் இன்னும் வீரியம் மிக்க வகை. அதன் முன்னால் அந்த மரபணு தொடக்கத்திலிருந்தே எடுபடவில்லை. 1976-ல் வந்த ஐ.ஆர். 36-க்குப் பட்டாம்பி ரகங்கள் இரண்டும் முன்னோர்கள். குர்தேவ் சிங் குஷ் குழுவினர் உருவாக்கிய இந்த ரகம் 1980-களில் உலகெங்கும் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் பயிரானது. அதையும் புகையான் சில இடங்களில் வென்றது. அடுத்த மரபணுவைத் தேடினார்கள். இலங்கையின் ‘ரத்து ஹீனட்டி’ என்ற பாரம்பரிய நெல்லும் கைகொடுத்தது.

இதுவரை புகையானை எதிர்க்கும் 40-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. இவற்றைப் புது ரகத்துக்குக் கொண்டுபோவது ஒட்டுச் சேர்க்கை மூலம்தான். தாய் நெல்லும் தந்தை நெல்லும் சேர்ந்து விதை உண்டாகும் பழைய முறை அது. எந்த நாற்றில் மரபணு வந்து சேர்ந்திருக்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்துக்கொள்வது மட்டுமே புதுசு. பாக்டீரியாவின் மரபணுவைச் செருகிய பி.டி. பருத்தி இருக்கும் பட்டியலில் இது வராது. பி.டி. நஞ்சு புழுக்களைக் கொல்லுமே தவிர, சாறு உறிஞ்சும் புகையானை ஒன்றும் செய்வதில்லை.

எச்சிலே எச்சரிக்கை

எதிர்ப்பு மரபணு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு முதல் தெளிவான விடை 2009-ல் கிடைத்தது. சீனாவின் வூஹான் பல்கலைக்கழகத்தில் ஹெ குவாங்சுன் தலைமையிலான குழு, காட்டு நெல் ஒன்றிலிருந்து வந்த ‘பி.பி.எச். 14’ என்ற மரபணுவைத் தனியே பிரித்தெடுத்தது. புகையான் எதிர்ப்பு மரபணு ஒன்று முழுசாகக் கையில் கிடைத்தது அதுவே முதல் தடவை.

பூச்சி தண்டில் ஊசியைச் செருகியதும், இந்த மரபணு உள்ள பயிரில் சாலிசிலிக் அமிலம் என்ற ஹார்மோன் ஏறுகிறது. சர்க்கரைச் சாறு ஓடும் குழாய்களில் காலோஸ் என்ற பொருள் படிந்து அடைத்துக்கொள்கிறது. பூச்சியின் ஜீரணத்தைக் கெடுக்கும் புரோட்டீனும் சுரக்கிறது. உறிஞ்ச முடியாமல், உறிஞ்சியதும் செரிக்காமல் புகையான் மெலிகிறது, சீக்கிரம் சாகிறது.

பூச்சி வந்தது பயிருக்கு எப்படித் தெரிகிறது? அதே குழு 2023-ல் ‘நேச்சர்’ இதழில் இதற்கு விடை சொன்னது. புகையானின் எச்சிலில் ஒரு புரோட்டீன் இருக்கிறது. சாதாரண நெல்லில் அது பயிரின் இயல்பான தற்காப்பை மயக்கி வைக்கிறது. பி.பி.எச். 14 உள்ள நெல்லிலோ அதே புரோட்டீன் அந்த மரபணு தரும் காவல் புரோட்டீனிடம் நேராகப் போய் மாட்டிக்கொள்கிறது. உடனே தற்காப்பு முழு வேகத்தில் தொடங்குகிறது. காவல்காரனை மயக்கக் கொண்டுவந்த மருந்தே அவனை எழுப்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு அடுத்துக் கண்டதுதான் முக்கியமானது. எச்சில் புரோட்டீனைப் பயிருக்குள்ளேயே ஓயாமல் சுரக்கும்படி செய்து பார்த்தார்கள். பூச்சியே இல்லாமல் காவல் இரவும் பகலும் விழித்திருந்தது. பயிர் குட்டையானது, விளைச்சல் குறைந்தது. இயற்கையான பயிரில் அப்படி நடப்பதில்லை. மூன்றாவதாக ஒரு புரோட்டீன், எச்சில் புரோட்டீனைப் பிடித்து, செல்லின் குப்பை அகற்றும் அமைப்பிடம் ஒப்படைத்து அழித்துவிடுகிறது. பூச்சி உறிஞ்சுவதை நிறுத்தினால் எச்சில் தீர்கிறது, காவல் அடங்குகிறது, பயிர் வளர்ச்சிக்குத் திரும்புகிறது.

ஆக, நல்ல எதிர்ப்பு மரபணு என்பது வலுவாகத் தாக்குவது மட்டுமில்லை. நேரத்தில் நிறுத்தத் தெரிந்ததும்கூட. காலோஸ் அடைப்பும் ஜீரணத்தடைப் புரோட்டீனும் சும்மா வருவதில்லை. கதிருக்குப் போக வேண்டிய சர்க்கரையிலிருந்தும் தழைச்சத்திலிருந்தும்தான் அவற்றுக்குக் கூலி கொடுக்கப்படுகிறது.

ஒரு கை கொடுக்க, ஒரு கை பறிக்க

கூலியோடு விஷயம் முடிவதில்லை. பூச்சிக்காகப் பயிர் பயன்படுத்தும் ஹார்மோன்களே மற்ற நெருக்கடிகளுக்கும் பயன்படுகின்றன. தண்ணீர் குறைந்தால் அப்சிசிக் அமிலம் ஏறி இலைத் துளைகளை மூடச் செய்கிறது. சாறுண்ணும் பூச்சி வந்தால் சாலிசிலிக் அமிலம். தண்டைத் தின்னும் புழு வந்தால் ஜாஸ்மோனிக் அமிலம். இவை ஒன்றோடொன்று பேசுகின்றன. சில சமயம் கைகோக்கின்றன, சில சமயம் ஒன்றின் கையை மற்றொன்று கட்டிப்போடுகிறது.

இதே 2009-ல் சீனாவில் வெளியான இன்னொரு ஆராய்ச்சி இதை அப்பட்டமாகக் காட்டியது. நெல்லில் ஜாஸ்மோனிக் அமிலம் உண்டாவதற்கு வேண்டிய ஒரு மரபணுவை அமுக்கினார்கள். புகையானுக்கு அந்தப் பயிர் நன்றாக ஈடுகொடுத்தது. ஆனால் தண்டுத்துளைப்பான் புழுவுக்கு எளிதான இரையாகிவிட்டது. உறிஞ்சும் பூச்சிக்கு அடைத்த கதவு, மெல்லும் பூச்சிக்குத் திறந்துகொண்டது.

வறட்சி ஹார்மோனின் கதையும் இப்படித்தான். அப்சிசிக் அமிலம் காலோஸ் அடைப்பு கரைந்துபோகாமல் பாதுகாக்கிறது. அந்த அளவில் அது புகையானுக்கு எதிரி. குலை நோய் விஷயத்திலோ அது அதிகமானால் சாலிசிலிக் அமிலத்தின் வேகம் தணிந்து, நோய் சுலபமாகப் பற்றுகிறது. தண்ணீர் இல்லாத வயலில் ஓர் எதிர்ப்பு மரபணு கூடுதலாக உதவுமா, குறைவாக உதவுமா என்பதை ஏட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இரண்டு நெருக்கடிகள் சேர்ந்து வரும்போது விடை வெறும் கூட்டல் கணக்காக இருப்பதில்லை. வெயில் கடுமையானால் இலை தன்னைக் குளிர்விக்கத் துளைகளைத் திறக்கிறது. வறட்சி வந்தால் மூடுகிறது. இரண்டும் ஒன்றாக வந்தால்? புகையிலைச் செடியில் அமெரிக்க விஞ்ஞானி ரான் மிட்லர் குழுவினர் 2002-ல் பார்த்தபோது, துளைகள் மூடியே இருந்தன, இலை கொதித்தது. தனித்தனி நெருக்கடியில் விழிக்காத மரபணுக்கள் சில புதிதாக விழித்தன. வயலில் நெருக்கடிகள் ஒவ்வொன்றாக வரிசையில் நின்று வருவதில்லை என்பதால், சேர்த்தே சோதிக்க வேண்டும் என்று அவர் அப்போதிருந்து வற்புறுத்தி வருகிறார்.

எதிர்பாராத உதவியும் கிடைப்பதுண்டு. கோதாவரிப் படுகையில் உள்ள மாருட்டேரு ஆராய்ச்சி நிலையத்தின் புகழ்பெற்ற ஸ்வர்ணா நெல்லில், ஒடிஷாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து வந்த ‘சப்-1’ மரபணுவைச் சேர்த்து 2009-ல் இந்தியாவில் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும் நெல் அது. 2011-ல் கலிபோர்னியாவில் ஜூலியா பெய்லி-செரஸ் குழு சோதித்தபோது, வெள்ளத்துக்காகக் கண்டெடுத்த அந்த மரபணு வறட்சியிலும் பயிருக்குத் துணை நிற்பது தெரிந்தது. ஒரு மரபணுவைக் கொடுத்தவன் மற்றொரு வரமும் சேர்த்துக் கொடுத்தான். ஜாஸ்மோனிக் அமில விவகாரத்தில் கொடுத்ததோடு பறித்தும் கொண்டான். எது வரம், எது வட்டி என்பது சோதித்தால்தான் தெரியும்.

ஏரி வற்றும், ஏரி உடையும்

இங்கேதான் சித்தூரும் திருப்பதியும் வருகின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே எட்டிப் பார்க்கும் பகுதி இது. எதையும் நம்பியிருக்க முடியாத பகுதியும்கூட. மேற்கே கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் நம்பிய செம்மண். கிழக்கே ஸ்வர்ணமுகிப் பாசனமும் காளஹஸ்தி வயல்களும். அதையும் தாண்டினால் பழவேற்காடு ஏரியோரத்து உப்பு.

2018-ல் ஆந்திர அரசு வறட்சிப் பகுதிகளை அறிவித்தபோது சித்தூர் மாவட்டம் அதில் இருந்தது. மூன்றே ஆண்டுகளில், 2021 நவம்பரில், திருப்பதியில் கொட்டிய மழையில் தெருக்கள் ஆறாக ஓடின. அருகே உள்ள பழமையான ராயல செருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு, கரை உடையுமோ என்ற பயத்தில் கீழுள்ள கிராமத்து மக்களை வெளியேற்றினார்கள். 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதி தனி மாவட்டமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அறுவடைக்கு நின்ற நெல்லைப் பல இடங்களில் சாய்த்தது.

இந்த வயலில் நிற்கும் நெல்லுக்குப் புகையான் தனியாக வருவதில்லை. நடவு முடிந்ததும் மழை பொய்த்துப் பயிர் வாடும். பிறகு பெருமழை. தண்ணீர் தேங்கி, யூரியாவும் போட்டு, பயிர் அடர்ந்து வளரும் சமயத்தில் தூரடி ஈரமும் நிழலும் புகையானை அழைக்கும். ஒருமுறை வாடி எழுந்த பயிர், எழுந்த கையோடு பூச்சியையும் சமாளிக்க வேண்டும். காவலுக்குக் கூலி கொடுக்க அப்போது அதன் கையிருப்பில் என்ன இருக்கும்?

தட்டில் தண்ணீர் குறைவதில்லை

ஒரு ரகம் புகையானை எதிர்க்கிறதா என்று நாடெங்கும் பார்க்கும் முறை ஒன்றுதான். ஆழமில்லாத தட்டில் பல ரக நாற்றுகளை வரிசையாக வளர்க்கிறார்கள். அவற்றில் ஒன்று தைச்சுங் நேட்டிவ்-1; இது முதலில் சாகும் ரகம். இன்னொன்று நமது பி.டி.பி. 33, இது நின்று பிழைக்கும் ரகம். பூச்சிக் குஞ்சுகளைத் தட்டில் விடுகிறார்கள். தைச்சுங் நாற்றுகள் ஏறக்குறைய முழுவதும் வாடியதும், மற்றவற்றுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். சிக்கனமான, வேகமான, நம்பகமான சோதனை.

ஆனால் அந்தத் தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கும். பூச்சிக்கு ஈரம் வேண்டும் என்பதால் நின்றே ஆக வேண்டும். வறட்சியைத் தாங்கும் ரகத்தை வேறொரு பிரிவில், பூச்சி இல்லாமல், தண்ணீரை நிறுத்திப் பார்க்கிறார்கள். உப்பைத் தாங்கும் ரகத்தை இன்னொரு தொட்டியில். மூன்று சான்றிதழ்களும் ஒரே விதைப் பையில் அச்சாகி உழவரிடம் வருகின்றன. மூன்று நெருக்கடிகளும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றிதழ் கிடையாது.

இந்தக் கேள்வி நாளுக்கு நாள் அவசரமாகி வருகிறது. 2025 மே மாதம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. இரண்டுக்கும் பிறந்த வீடு ஆந்திரம். ‘கமலா’ பாபட்லாவின் சம்பா மசூரியிலிருந்து வந்தது. சோற்றுக்குப் பெயர்போன, புகையானுக்கு எளிதில் பலியாகும் நெல் அது. ‘பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1’ மாருட்டேருவின் எம்.டி.யு. 1010-லிருந்து வந்தது, புகையானை ஓரளவு தாங்கும் நெல் அது. அதில் திருத்தப்பட்டிருப்பது வறட்சிக்கும் உப்புக்கும் பயிர் காட்டும் எதிர்வினையை ஆளும் மரபணு. அதை முடக்கினால் இலைத் துளைகள் குறைகின்றன, தண்ணீர் மிச்சமாகிறது. அப்படிச் செய்த பின்னும் தாய் நெல்லின் பூச்சி தாங்கும் குணம் அதே அளவில் இருக்கிறதா என்பதுதான் காளஹஸ்தி உழவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. மரபணுத் திருத்தத்துக்கு ஆதரவு, எதிர்ப்பு என்று நடக்கும் வாதத்தில் இந்த எளிய கேள்வி காணாமல் போய்விடக் கூடாது.

வயலில் செய்யக்கூடியது

மரபணுவின் சுமையைக் குறைப்பது உழவர் கையிலும் இருக்கிறது. ஆந்திர வேளாண் துறை நெடுங்காலமாகச் சொல்லிவரும் ‘காலிபாட்டா’, அதாவது நடவில் இரண்டு மீட்டருக்கு ஒரு முறை 20 செ.மீ. இடைவெளி விடுவது, தூரடிக்குக் காற்றும் வெளிச்சமும் கொடுக்கிறது. யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போட்டால் பூச்சிக்குச் சாறு ருசிக்காது. தண்ணீரை விட்டு விட்டு வடித்தால் ஈரம் குறையும்.

மருந்துக்கும் கணக்கு உண்டு. வயலில் சிலந்தி இல்லாவிட்டால் தூருக்குள் ஒரு கிளைக்கு ஒரு பூச்சி; குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் கிளைக்கு இரண்டு பூச்சி. அதைத் தாண்டினால்தான் மருந்து என்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். மருந்தடிக்கும் கையைச் சிலந்தி தடுக்கிறது என்றால், பயிருக்குள் இருக்கும் காவலுக்கும் அது பாதிக் கூலியை மிச்சம் பிடித்துத் தருகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் சரியான ரகம் வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் திறமை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. காளஹஸ்தி வட்டாரத்து நிலக்கடலையை 1970-களில் நூற்புழு தாக்கியபோது, அந்த நோய்க்கு உலகம் ஊரின் பெயரையே வைத்தது. அதை எதிர்க்கும் கடலை ரகத்தைத் தந்தது திருப்பதி ஆராய்ச்சி நிலையம்தான். ஊர் நோய்க்கு ஊரில் தேடியதால் மருந்து கிடைத்தது.

திருப்பதியில் 1961 முதல் நடக்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா வேளாண் கல்லூரியில் ஆண்டுதோறும் மாணவர்கள் முதுநிலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறார்கள். பி.டி.பி. 33-உம் தைச்சுங் நெல்லும் நிற்கும் தட்டுக்குப் பக்கத்தில், நாற்றுகளை முதலில் ஒரு வாரம் வாடவிட்டு, பிறகு தண்ணீர் கட்டிப் பூச்சி விடும் இன்னொரு தட்டை வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. இரண்டு தட்டிலும் ஒரே மதிப்பெண் வாங்கும் நெல் எது என்று தெரிந்தால், விதைக் கடை வாசலில் நிற்கும் சித்தூர் உழவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குவார்.